படம் சரிதான், டெஸ்ட் ஏன் சொதப்புகிறது? காரண–விளைவு வரைபடத்தில் பிழை தேடும் வழி

காரண–விளைவு வரைபடம் போட்டு டெஸ்ட் கேஸ் எழுதுகிறவர்கள் எல்லாருமே ஒரு நாள் அட்டவணையைப் பார்த்துத் தலையைச் சொறிந்திருப்பார்கள். நான் சொறிந்த இடங்களை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் எடுத்துக்காட்டை முதலில் படித்துவிடுங்கள், மற்ற எல்லாம் அதை வைத்துத்தான்.

முறை பழையது. ஐபிஎம்மில் இருந்த வில்லியம் எல்மென்டார்ஃப் 1973இல் எழுதியது. 1979இல் கிளென்ஃபோர்ட் மையர்ஸ் தன் புத்தகத்தில் விளக்கிய பிறகு பரவியது. தேவைக் குறிப்பில் உள்ள நிபந்தனைகள் இடப்பக்கம் காரண முனைகள், நடக்க வேண்டியவை வலப்பக்கம் விளைவு முனைகள், நடுவில் 'மற்றும்', 'அல்லது', 'இல்லை' கோடுகள். அப்புறம் அந்தப் படத்தை முடிவு அட்டவணையாக (எந்தச் சேர்க்கைக்கு எது நடக்க வேண்டும் என்ற பட்டியல்) மாற்றி, வரிசைக்கு ஒரு டெஸ்ட். தேடுபொறியில் இதே பெயரைப் போட்டால் மீன்முள் படமும் வரும். அது நடந்து முடிந்த கோளாறுக்குக் காரணம் தேடும் வேறு சமாச்சாரம், அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எடுத்துக்காட்டு இதுதான். நீடாமங்கலம் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு, கும்பகோணத்தில் உட்கார்ந்து நாங்கள் மூன்று பேர் நெல் கொள்முதல் மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். டெஸ்டிங் என் பொறுப்பு. தேவைக் குறிப்பு என்று மேலாளர் அனுப்பியது ஒரு வாட்ஸ்அப் செய்தி:

"உறுப்பினரா இருக்கணும், இல்லாட்டி சிட்டா நகல் இருக்கணும். ஈரப்பதம் 17-க்குள்ள இருந்தா எடை போட்டு ரசீது. சன்னத்துக்கு ஒரு விலை, மோட்டாவுக்கு ஒரு விலை. ஈரம் கூடுதலா இருந்தா காய வைக்கச் சொல்லணும். உறுப்பினர் எண்ணும் சிட்டாவும் இல்லாட்டி திருப்பி அனுப்பிடணும் தம்பி."

காரணங்கள் ஐந்து: உறுப்பினர், சிட்டா (நிலம் யார் பெயரில் என்று காட்டும் ஆவணம்), ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள், சன்ன ரகம் (மெல்லிய நெல்), மோட்டா ரகம் (தடித்த நெல்). விளைவுகள் நான்கு: சன்ன விலையில் ரசீது, மோட்டா விலையில் ரசீது, 'காய வைக்கவும்', 'ஆவணம் இல்லை'. உறுப்பினரும் சிட்டாவும் ஒரு 'அல்லது' முனையில் சேரும். அதற்கு 'ஆவணம் சரி' என்று பெயர் வைத்தோம். அது, ஈரப்பதம், ரகம் மூன்றும் 'மற்றும்' முனையில் சேர்ந்தால் ரசீது.

அறிகுறி: அட்டவணை வீங்கிக்கொண்டே போகிறது

ஐந்து காரணம் என்றால் 32 வரிசை. பத்து என்றால் 1024. முழுச் சேர்க்கையையும் எழுதி முடித்துவிட்டு "இந்த முறை நடைமுறைக்கு ஒத்துவராது" என்று கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். காரணத்திலிருந்து விளைவை நோக்கி நடந்திருப்பார்கள், அங்கேதான் கோளாறு.

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் கல்லணைக்குப் போய் ஒவ்வொரு மதகாக எண்ணிக்கொண்டு இறங்குவதில்லை. வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு வயலிலிருந்து மேலே நடப்பார்கள். எந்த மதகு அடைத்திருக்கிறது என்று வழியிலேயே தெரிந்துவிடும். படத்தையும் அப்படித்தான் நடக்க வேண்டும். ஒரு விளைவை எடுத்து, அது நடக்க எது எது சேர வேண்டும் என்று பின்னோக்கிப் போங்கள்.

போகும்போது இரண்டு சிக்கனம். (1 என்றால் உண்டு, 0 என்றால் இல்லை.) 'அல்லது' முனையை 1 ஆக்க வேண்டுமென்றால் ஒரு நேரத்தில் ஒரு உள்ளீட்டை மட்டும் 1 ஆக்குங்கள். 'மற்றும்' முனையை 0 ஆக்கும்போது, 0 ஆக இருப்பதை மட்டும் நுணுக்கமாகப் பாருங்கள். 1 ஆக இருக்கும் மற்ற பக்கத்துக்கு ஏதாவது ஒரு வழி போதும், அதன் எல்லா வழிகளையும் கிளப்ப வேண்டாம்.

எங்கள் படத்தில் 32 என்பது, சன்னம் மோட்டா இரண்டில் ஒன்று மட்டும்தான் என்ற கட்டுப்பாட்டைப் போட்டதும் 16 ஆனது. பின்னோக்கி நடந்ததில் ஏழில் முடிந்தது:

| வரிசை | உறுப்பினர் | சிட்டா | 17-க்குள் | ரகம் | வர வேண்டியது |
|---|---|---|---|---|---|
| 1 | 1 | 0 | 1 | சன்னம் | சன்ன விலை ரசீது |
| 2 | 0 | 1 | 1 | சன்னம் | சன்ன விலை ரசீது |
| 3 | 1 | 0 | 1 | மோட்டா | மோட்டா விலை ரசீது |
| 4 | 0 | 1 | 1 | மோட்டா | மோட்டா விலை ரசீது |
| 5 | 1 | 0 | 0 | சன்னம் | காய வைக்கவும் |
| 6 | 0 | 0 | 1 | மோட்டா | ஆவணம் இல்லை |
| 7 | 0 | 0 | 0 | சன்னம் | ஆவணம் இல்லை மட்டும் |

இவ்வளவு செய்த பிறகும் அட்டவணை நூறைத் தாண்டினால் படம் பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். 'ஆவணம் சரி' மாதிரி ஒரு நடு முனையில் வெட்டி இரண்டு படமாக்குங்கள். முதல் படத்தில் அது விளைவு, அடுத்த படத்தில் அதுவே காரணம்.

அறிகுறி: எல்லா டெஸ்டும் பாஸ், களத்தில் முதல் நாளே பிழை

எங்களுக்கு நடந்தது. இந்த ஏழு வரிசை அட்டவணைக்கு முன்பு, மேலாளர் கொடுத்த விவசாயிகள் பட்டியலையே தரவாக வைத்து டெஸ்ட் செய்தோம். எல்லாம் பச்சை. திறந்த அன்று, உறுப்பினர் அல்லாத ஒருவர் சிட்டா நகலோடு வந்தார். 'ஆவணம் இல்லை' என்றது திரை. சிட்டா எண்ணைப் படிக்கும் இடத்தில் பக்கத்துக் கட்டத்தைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறது நிரல்.

ஏன் தப்பியது? பட்டியலில் இருந்த எல்லாரும் உறுப்பினர்கள், எல்லாரிடமும் சிட்டாவும் இருந்தது. இரண்டும் 1. உறுப்பினர் சோதனையிலேயே உள்ளே விட்டுவிட்டதால் சிட்டா சோதனை உடைந்து கிடந்தது வெளியே தெரியவில்லை. 'அல்லது' முனையில் ஒன்றை மட்டும் 1 ஆக்கச் சொல்வது இதற்காகத்தான். வரிசை குறைவது கூடுதல் லாபம்.

எக்செலில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். 'அல்லது' முனைக்குள் வரும் கட்டங்களின் கூட்டுத்தொகையை ஒரு ஓரக் கட்டத்தில் போடுங்கள். 2 என்று வரும் வரிசையெல்லாம் சந்தேகத்துக்குரியவை. எங்கள் பழைய தரவில் அப்படிக் கூட்டிப் பார்த்தபோது மேலிருந்து கீழே வரை 2, 2, 2 என்றே வந்தது.

அறிகுறி: ஒரே வரிசையில் ரசீதும் மறுப்பும் சேர்ந்து 1

இது வந்தால் சந்தோஷப்படுங்கள். படம் தன் வேலையைச் செய்திருக்கிறது.

நானும் நிரல் எழுதிய நண்பரும் தனித்தனியாகப் படம் போட்டோம். என் படத்தில் சரியாக இருந்த முதல் வரிசை, அதாவது உறுப்பினர் 1, சிட்டா 0, அவர் படத்தில் ரசீதையும் காட்டியது, 'ஆவணம் இல்லை'யையும் காட்டியது. இருவரும் ஒரே வாட்ஸ்அப் செய்தியைத்தான் படித்தோம்.

அரை மணி நேரம் வாதாடிய பிறகு கடைசி வாக்கியத்தில் வந்து நின்றோம். "உறுப்பினர் எண்ணும் சிட்டாவும் இல்லாட்டி." இரண்டுமே இல்லை என்றால் திருப்பி அனுப்பு என்று நான் படித்தேன். இரண்டும் சேர்ந்து இல்லை என்றால், அதாவது ஏதாவது ஒன்று குறைந்தாலும், திருப்பி அனுப்பு என்று அவர் படித்தார். தமிழில் இரண்டு பொருளுக்கும் இடமிருக்கிறது. "உப்பும் புளியும் இல்லாட்டி குழம்பு வைக்க முடியாது" என்றால் உப்பு மட்டும் இருந்தால் வைத்துவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. "அம்மாவும் அப்பாவும் இல்லாட்டி பாட்டி வீட்டுல விடுவோம்" என்றால் இருவருமே இல்லாதபோது என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். வாக்கிய அமைப்பு ஒன்றே. உலக அனுபவத்தை வைத்துத்தான் பிரித்துப் படிக்கிறோம். நிரலுக்கு அந்த அனுபவம் கிடையாது. உம்மைக்கு இலக்கணம் எட்டுப் பொருள் சொல்கிறது. எண்ணி அடுக்கும் உம்மை ஒன்றுக்கே, கூட 'இல்லை' சேர்ந்தால், எங்களுக்கு அரை நாள் போனது.

சரி செய்யும் வழி: 'உம்'மும் 'இல்லை'யும் ஒரே வாக்கியத்தில் வந்தால் படம் போடுவதை அங்கேயே நிறுத்துங்கள். வாக்கியத்தை அனுப்பியவரிடம், பொருள் என்ன என்று கேட்காமல், ஆளைக் காட்டிக் கேளுங்கள். நான் போனில் கேட்டது: "அண்ணே, ஒருத்தர் நம்ம உறுப்பினர். சிட்டாவை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டார். நெல்லை எடுப்பீங்களா?" அவர் யோசிக்கவே இல்லை. "எடுக்காம? அதுக்குத்தானே உறுப்பினர் அட்டை குடுத்திருக்கோம்?" அதோடு தீர்ந்தது. "அந்த 'உம்' எண்ணும்மையா, 'இல்லாட்டி' எதன் மேல் விழுகிறது" என்று கேட்டிருந்தால் போனை வைத்திருப்பார்.

'தவிர', 'ஆவது', 'கூட' மூன்றும் இதே ஜாதிதான். "சனிக்கிழமை தவிர எல்லா நாளும் சன்னம் எடுப்போம்" என்று மேலாளர் ஒரு முறை சொன்னார். சனிக்கிழமை மோட்டாவும் எடுக்க மாட்டார்களா என்பதை அந்த வாக்கியம் சொல்லவில்லை. ஆளைக் காட்டிக் கேளுங்கள்.

அறிகுறி: இரண்டு செய்தி வர வேண்டும், ஒன்றுதான் வருகிறது

ஜூன் 12இல் மேட்டூர் திறந்து போட்ட குறுவை அறுவடைக்கு வரும்போது மழையும் வாசலில் வந்து நிற்கும். ஐப்பசியில் நெல்லில் ஈரம் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அப்படி ஒரு நாள் ஒரு பெரியவர் மூட்டைகளோடு வந்தார். மீட்டரில் 20-க்கு மேல். திரை 'காய வைக்கவும்' என்றது. ரோட்டில் கொட்டி, வெயில் எட்டிப்பார்த்த போதெல்லாம் காலால் கிளறி, தூறல் வந்தால் தார்ப்பாய் போட்டு மூடி, இரண்டு நாள் காய வைத்துத் திரும்பக் கொண்டுவந்தார். இப்போது ஈரம் சரியாக இருந்தது. திரை 'ஆவணம் இல்லை' என்றது.

"இதை முந்தாநாளே சொல்றதுக்கு என்னப்பா?" என்று கேட்டாராம். பதில் சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை என்று மேலாளர் சொன்னார். எங்களுக்கும்தான்.

விளைவுகளுக்கு நடுவே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு விளைவு நடந்தால் இன்னொன்றை அமுக்கிவிடும். படத்தில் 'எம்' (M) என்ற ஆங்கில எழுத்தைப் போட்டு, அமுக்குவதிலிருந்து அமுக்கப்படுவதற்கு அம்பு காட்டுவார்கள். எங்கள் நிரலில் ஈரப்பதச் சோதனை முதலில் இருந்ததால் 'காய வைக்கவும்' மற்றதை அமுக்கியது. நான் படம் போட்டபோது தேவையைப் பார்க்காமல் நிரலைப் பார்த்து அம்பைப் போட்டிருக்கிறேன். நிரல் எப்படியோ டெஸ்டும் அப்படியே, அப்புறம் எங்கே பிடிபடும்?

உங்கள் படத்தில் 'எம்' இருந்தால், அது தேவையில் எந்த வரியிலிருந்து வந்தது என்று கையால் தொட்டுக்காட்ட முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் அழித்துவிட்டு, இரண்டு விளைவும் சேர்ந்து 1 ஆகும் வரிசையை ஒரு டெஸ்டாக எழுதிக் கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்த பதில்: ஆவணம் இல்லாதவர் நெல்லில் மீட்டரே வைக்க வேண்டாம், முதலில் அதைச் சொல்லிவிடு. அம்பு திரும்பியது, மேலே உள்ள ஏழாவது வரிசை பிறந்தது.

அறிகுறி: நடக்கவே முடியாத வரிசைகள் வருகின்றன

கட்டுப்பாடு போடவில்லை, அல்லது தவறானதைப் போட்டிருக்கிறீர்கள். காரணங்களுக்கு நான்கு, இவையும் ஆங்கில எழுத்துகள்தான்: 'ஈ' (E) என்றால் அதிகபட்சம் ஒன்று, 'ஐ' (I) என்றால் குறைந்தபட்சம் ஒன்று, 'ஓ' (O) என்றால் சரியாக ஒன்று, 'ஆர்' (R) என்றால் இது இருக்க அது இருந்தாக வேண்டும். உறுப்பினர் ஊக்கத்தொகையைத் தேர்ந்தெடுத்தால் உறுப்பினர் எண் வேண்டும் என்பது 'ஆர்'.

'ஈ'யும் 'ஓ'வும்தான் அடிக்கடி மாறிப்போகும். நெல் சன்னமாகவோ மோட்டாவாகவோதான் இருக்க முடியும். ஆடுதுறை 43 சன்னம், சி.ஆர். 1009 மோட்டா. எனவே 'ஓ' என்று போடத் தோன்றும். ஆனால் படத்தில் இருப்பது நெல்லா, திரையா? ரகப் பட்டியல் 'தேர்ந்தெடுக்கவும்' என்று காலியாகத் திறக்கிறது என்றால், எதையும் தொடாமல் சேமிக்கப் போகிற ஆள் கட்டாயம் உண்டு. அங்கே 'ஈ'தான் சரி, கூட ஒரு விளைவும் வேண்டும். 'ஓ' போட்டால் அந்த டெஸ்டை நாமே தூக்கிப் போட்டது மாதிரி. நடக்க முடியாதது என்று வெட்டுவதற்கு முன்னால், திரையில் அதைச் செய்து பாருங்கள். எட்டாவது டெஸ்டாக இதைச் சேர்க்கச் சொன்னேன். நண்பர் பட்டியலுக்குப் பதிலாக, எதையும் அழுத்தாமல் சேமி பொத்தானே திறக்காத இரண்டு பெரிய பொத்தான்களை வைத்துவிட்டார். ஏழோடு நின்றது.

அறிகுறி: வாசலில் நிற்கிற ஆள் எந்த வரிசையிலும் இல்லை

குத்தகை சாகுபடிக்காரர்கள். டெல்டாவில் கோயில் நிலம், மடத்து நிலம் உழுகிறவர்கள் ஏராளம். உழுவது இவர், சிட்டாவில் இருப்பது வேறு பெயர். உறுப்பினர் இல்லையென்றால் எங்கள் படத்தில் இவர் 'ஆவணம் இல்லை'. மேலாளரிடம் கேட்டால், "அவங்களுக்குக் குத்தகை ரசீது போதுமே, அது எல்லாருக்கும் தெரியுமே தம்பி" என்றார். எல்லாருக்கும் தெரிந்ததாலேயே யாரும் எழுதித் தரவில்லை.

இதைப் படத்துக்குள்ளிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. வரையாத முனையைப் படம் காட்டாது. ஒரு நாள் கவுன்ட்டருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள், வருகிற ஒவ்வொருவரையும் அட்டவணையில் எந்த வரிசை என்று குறியுங்கள். குறிக்க முடியாத முதல் ஆள்தான் விட்டுப்போன முனை. எங்களுக்குக் காலை பத்தரைக்குள் வந்துவிட்டார். 'அல்லது' முனைக்கு மூன்றாவது கோடு, ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு டெஸ்ட் கூடி மொத்தம் 9.

அறிகுறி: 17.0 வந்தால் மட்டும் சண்டை

"17-க்குள்ள" என்றால் 17 சேருமா? படம் இதற்குப் பதில் சொல்லாது. அதற்கு ஒரு முனை 0 அல்லது 1, அவ்வளவுதான். ஒவ்வொரு எண் முனைக்கும் எல்லை மதிப்பைத் தனியாகச் சேருங்கள்: 16.9, 17.0, 17.1. புது வரிசை வேண்டாம், 'ஈரம் சரி' என்ற வரிசைகளில் ஒன்றுக்கு 16.9, இன்னொன்றுக்கு 17.0, 'காய வைக்கவும்' வரிசைக்கு 17.1 என்று தரவாகப் பிரித்துப் போட்டாலே போதும்.

அறிகுறி: முதல் முறை சரி, இரண்டாம் முறை தப்பு

மின்சாரம் போய் வந்ததும் அதே மூட்டைக்கு இரண்டாவது ரசீது அடித்தது மாதிரியான கோளாறு. இதற்கு இந்தப் படத்தைத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். முன்னால் என்ன நடந்தது என்ற நினைவு காரண–விளைவு வரைபடத்துக்குக் கிடையாது. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போவதைக் காட்டும் நிலைமாற்றப் படம் தனியாகப் போடுங்கள்.

அறிகுறி: தேவை மாறியது, எதை மாற்றுவது என்று தெரியவில்லை

மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் மேலாளர் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டார். "தம்பி, நாளையிலேருந்து 19 வரைக்கும் எடுத்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம்."

இவ்வளவுதான் என்றால் படத்தில் கை வைக்க வேண்டாம். முனையின் பெயரில் 17 போய் 19 வரும்; எல்லை மதிப்பு மூன்றும் மாறும்; வரிசை அப்படியே. ஆனால் ஒரு கேள்வி கேட்டேன்: "17 நெல்லுக்கும் 19 நெல்லுக்கும் ஒரே விலையா அண்ணே?"

"அதெப்படி? கழிவு போட்டுத்தான்."

அப்படியென்றால் கதை வேறு. ஈர முனை மூன்றாகும்: 17 வரை, 17-க்கு மேல் 19 வரை, 19-க்கு மேல். மூன்றுக்கும் 'ஓ'. விளைவில் கழிவு விலை ரசீது ரகத்துக்கு ஒன்றாக இரண்டு கூடும், ஒவ்வொன்றுக்கும் உறுப்பினர், சிட்டா, குத்தகை என்று மூன்று வழி. ஒன்பதோடு ஆறு சேர்ந்து 15. எழுதி முடிக்கப் பத்து மணி ஆனது, ஓட்டி முடிக்கப் பதினொன்றரை. பதினான்கு பாஸ். பதினைந்தாவது, குத்தகைக்காரரின் மோட்டா, 18.5 ஈரம்: கழிவை இரண்டு முறை கழித்திருந்தது. நண்பரை எழுப்பினேன்.